கோல்ஃப் பையில் எந்தெந்த கிளப்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக கோல்ஃப் ஆட வந்தவர்களும், பல வருடமாக ஆடிக்கொண்டிருப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். பாதிக்கு மேல் சென்னை, கோவை மைதானங்களில் ஆட்டம் முடிந்து டீ குடிக்கும்போது வந்தவை. சில, சிங்கப்பூரிலும் கொழும்பிலும் இருக்கும் நண்பர்கள் போனில் கேட்டவை. கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். கிளப் என்று இங்கே சொல்வது பந்தை அடிக்கும் மட்டையை. தூரம் எல்லாமே யார்டு கணக்கு.

பையில் மொத்தம் எத்தனை கிளப் வைத்துக்கலாம் சார்?

அதிகபட்சம் 14. குழிக்குப் பக்கத்தில் பந்தை உருட்டும் பட்டரும் இந்த 14-க்குள் சேர்த்திதான். குறைந்தபட்சம் இத்தனை வேண்டும் என்று எதுவும் கிடையாது.

முன்பு இந்தக் கட்டுப்பாடே இல்லை. ஹிக்கரி மரத் தண்டு போய் எஃகுத் தண்டு வந்ததும் ஒரே மாதிரியான செட்டுகளைத் தொழிற்சாலையில் செய்வது சுலபமாகிவிட்டது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு கிளப் என்று ஆட்டக்காரர்கள் சேர்த்துக்கொண்டே போனார்கள். 1930-களில் லாசன் லிட்டில் என்ற அமெரிக்க வீரர் 20-க்கும் மேல் வைத்துக்கொண்டு ஆடினார். இதற்கு முற்றுப்புள்ளி வைக்கத்தான் அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1938-ல் 14 என்று எல்லை போட்டது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸின் ஆர் அண்ட் ஏ என்ற கோல்ஃப் விதி அமைப்பு அடுத்த வருடமே அதை ஏற்றுக்கொண்டது.

அப்போ 14-ஐயும் வாங்கித்தான் ஆகணுமா?

வேண்டவே வேண்டாம். 1916-ல் சிக் எவன்ஸ் ஏழே கிளப்போடு யுஎஸ் ஓபனை ஜெயித்தார். இப்போதுதான் ஆரம்பிக்கிறீர்கள் என்றால் ஏழெட்டு போதும்: லாஃப்ட் (முகத்தின் சாய்வு) அதிகமுள்ள ஒரு டிரைவர், ஒரு 5 வுட், ஒரு 5 ஹைபிரிட், 7 அயர்ன், 9 அயர்ன், பிட்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ், பட்டர்.

செலவு மிச்சமாவது ஒரு பக்கம். அதைவிட முக்கியம், கிளப் குறைவாக இருந்தால் ஒவ்வொன்றோடும் பழக்கம் ஏறும். 7 அயர்னை வைத்தே 140-ம் அடிக்கணும், 120-ம் அடிக்கணும், கிரீன் (குழி இருக்கிற, ஒட்ட வெட்டிய புல்தரை) பக்கத்தில் உருட்டவும் செய்யணும் என்ற நிலை வரும்போதுதான் கைக்கு அளவு பிடிபடுகிறது. முதல் வருடத்தில் முழு செட் வாங்காதீர்கள் என்று பார்க்கிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

டிரைவர், வுட், ஹைபிரிட், அயர்ன், வெட்ஜ்... எதை எதுக்கு எடுக்கிறதுன்னே புரியலை. சுருக்கமா சொல்லுங்களேன்.

டீ என்கிற சின்ன ஆணியின் மேல் பந்தை வைத்து ரொம்ப தூரம் அனுப்ப டிரைவர். புல்லின் மேல் கிடக்கிற பந்தை நீளமாக அடிக்க வுட். பெயர்தான் வுட், இன்று தலை முழுக்க உலோகம். பந்து மோசமான இடத்தில் கிடக்கிறது, தூரமும் வேண்டும் என்றால் ஹைபிரிட். கிரீனைக் குறிவைத்து அளந்து அடிக்க அயர்ன். கடைசி 100 யார்டுக்கும் பங்கர் என்கிற மணல் குழிக்கும் வெட்ஜ். கிரீனில் உருட்ட பட்டர்.

லாஃப்ட் லாஃப்ட்னு எல்லாரும் சொல்றாங்க. அடியில போட்டிருக்கிற நம்பரைப் பார்த்தா போதாதா?

போதாது. பை விஷயத்தில் வரும் குழப்பத்தில் பாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது. லாஃப்ட் என்பது கிளப்பின் முகம் பின்பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்ற கோணம். சாய்வு கூடினால் பந்து உயரமாகப் போகும், தூரம் குறையும். நம்பருக்கும் லாஃப்டுக்கும் பொதுவான தரநிலை எதுவும் கிடையாது.

பழைய பாணி பிளேடு அயர்னில் 7 நம்பர் என்றால் 34, 35 டிகிரி இருக்கும். இன்று சாதாரண ஆட்டக்காரர்களுக்கு விற்கிற பெரிய தலை அயர்னில் அதே 7 நம்பர் 28, 30 டிகிரிதான். அதாவது பழைய செட்டின் 5 அல்லது 6 அயர்னுக்கு 7 என்று பெயர் போட்டு விற்கிறார்கள். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. எடையைத் தலையின் அடிப்பக்கம் இறக்கி வைத்திருப்பதால் குறைந்த லாஃப்டிலும் பந்து நன்றாகவே எழும்புகிறது. ஆனால் நண்பர் 7 அயர்ன் எடுத்தார் என்பதற்காக நீங்களும் 7 எடுத்தால் பந்து எங்கே விழும் என்று சொல்ல முடியாது. உங்கள் மாடலின் லாஃப்ட் பட்டியல் தயாரிப்பாளரின் இணையதளத்தில் இருக்கும். ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், கீழே சொல்லப்போகிற பல விஷயங்களுக்கு அது தேவைப்படும்.

நான் 7 அயர்ன்ல 160 அடிப்பேன். அப்புறம் ஏன் எப்பவும் கிரீனுக்கு முன்னாடியே விழுது?

160 என்பது உங்கள் ஆகச் சிறந்த அடியாக இருக்கும், உருண்டு போனதும் அதில் சேர்ந்திருக்கும். பை அமைக்கத் தேவையான கணக்கு வேறு: சாதாரணமாக அடித்தால் பந்து காற்றிலேயே எவ்வளவு தூரம் போய் விழுகிறது என்பது. அதைத்தான் கேரி என்கிறோம். முன்னால் குளம் இருந்தால் உருளுகிற 15 யார்டு எதற்கும் உதவாது.

அளப்பது எளிது. ஒரு கிளப்புக்கு பத்து பந்து அடியுங்கள். நன்றாகப் போன இரண்டையும் சொதப்பிய இரண்டையும் தள்ளிவிட்டு, மீதி ஆறின் சராசரியை எடுங்கள். பயிற்சி மைதானத்துப் பந்து தேய்ந்துபோய் கொஞ்சம் குறைவாகப் போகும், அதையும் மனதில் வையுங்கள். பாய் விரித்த இடத்தில் அடித்துப் பார்ப்பதில் இன்னொரு சிக்கல் உண்டு. பந்துக்குப் பின்னால் தரையில் பட்டாலும் கிளப் பாயில் வழுக்கிப் போய்விடும், தப்பு தெரியவே தெரியாது. முடிந்தால் புல்லில் அளந்து பாருங்கள்.

ரெண்டு கிளப்புக்கு நடுவுல எவ்வளவு இடைவெளி இருக்கணும்?

அயர்ன்களில் 10 முதல் 12 யார்டு, அதற்கு மேல் நீளமான கிளப்புகளில் 15 வரை. ஏறக்குறைய 4 டிகிரி லாஃப்ட் வித்தியாசம் இந்த இடைவெளியைத் தரும். மெதுவாகச் சுழற்றுகிறவர்களுக்கு அதே 4 டிகிரி ஏழெட்டு யார்டுதான் தரும். அவர்கள் ஒன்றுவிட்டு ஒன்று வைத்துக்கொண்டாலே பாதகமில்லை.

மேலே சொன்னபடி அளந்த எண்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். இரண்டு கிளப் ஒரே தூரம் போகிறது என்றால் ஒன்று வெளியே. நடுவில் 25 யார்டு பள்ளம் தெரிந்தால் அங்கே ஒரு கிளப் தேவை. பையை நிரப்பும் வேலையில் முக்கால்வாசி இவ்வளவுதான். எந்த பிராண்ட், எந்த நிறம் என்பதெல்லாம் இதற்குப் பிறகு.

செட்டோட 3 அயர்ன், 4 அயர்ன் வந்தது. காசு கொடுத்து வாங்கினதை எப்படி சார் வெளியே வைக்கிறது?

வீட்டு அலமாரியில் வையுங்கள், கெட்டுப்போகாது. நீளமான அயர்னின் முகம் கிட்டத்தட்ட நேராக நிற்கும். பந்தை மேலே எழுப்ப வேண்டுமென்றால் வேகமாகச் சுழற்ற வேண்டும். அந்த வேகம் இல்லாவிட்டால் பந்து தாழ்வாகப் போய் சீக்கிரமே விழுந்துவிடும். நம்மில் நிறையப் பேருக்கு 4 அயர்னும் 5 அயர்னும் ஒரே தூரம்தான் போகின்றன. முந்தைய பதிலில் சொன்ன பட்டியலை எழுதினால் கண்ணெதிரே தெரிந்துவிடும். என் கருத்தில், டிரைவரில் கேரி 200 தாண்டாதவர் 6-ஐவிடக் குறைந்த நம்பர் அயர்னே வைத்துக்கொள்ள வேண்டாம்.

அண்ணா, 5 வுட், 7 வுட் எல்லாம் லேடீஸும் வயசானவங்களும்தானே வச்சுக்குவாங்க?

இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. டஸ்டின் ஜான்சன் மாதிரி நீளமாக அடிக்கிறவரே 7 வுட் வைத்து ஆடியிருக்கிறார். தாழ்வாகப் பறந்து கிரீனில் நிற்காமல் ஓடுகிற அடியைவிட, உயரமாகப் போய் மெத்தென்று இறங்குகிற அடி நல்லது என்பதற்காகத்தான் அதை வைத்துக்கொள்கிறார்கள்.

எண்ணாகவே பாருங்கள். பந்தின் பறப்பை அளக்கும் கருவி செய்கிற ட்ராக்மேன் நிறுவனம் வெளியிட்ட பழைய சராசரிக் கணக்கில் அமெரிக்க ஆண்கள் டூரில் (தொழில்முறைப் போட்டித் தொடர்) டிரைவர் வேகம் மணிக்கு 113 மைல், 7 அயர்ன் கேரி 172 யார்டு. பெண்கள் டூரில் 94 மைல், 141 யார்டு. கிளப் அளவில் ஆடும் ஆண்களின் வேகம் பெண்கள் டூரை ஒட்டித்தான் இருக்கும். அப்படியானால் நாம் பார்த்து நடக்க வேண்டியது அந்த வீராங்கனைகளின் பையைத்தான். அதில் 7 வுட்டும் இரண்டு மூன்று ஹைபிரிட்டும் சர்வ சாதாரணம். பெங்களூருவின் அதிதி அசோக், 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நாலாவதாக வந்தார். அந்தப் போட்டியில் டிரைவர் தூரத்தில் பின்தங்கியிருந்தவர்களில் அவரும் ஒருவர். நீளமான கிளப்பால் கிரீனுக்கு வந்து, பட்டரால் மீதியைச் சாதித்தார்.

ஹைபிரிட்டா, 7 வுட்டா? ஒண்ணுதான் வாங்க முடியும்.

நீங்கள் ஆடுகிற மைதானம் எப்படி? ரஃப் (ஓரத்து உயரமான புல்) அடர்த்தியாக இருந்து, மரத்தடியிலிருந்து தாழ்வாக வெளியே அனுப்ப வேண்டிய நிலை அடிக்கடி வருகிறதென்றால் ஹைபிரிட். சின்னத் தலை புல்லை வெட்டிக்கொண்டு போகும். சென்னை நந்தனம் மாதிரி நகரத்து நடுவில் மரங்களுக்கு இடையே ஆடும்போது எனக்கு ஹைபிரிட்தான் கை கொடுக்கிறது. ஃபேர்வேயில் (நடுவே வெட்டிவிட்ட புல்பாதை) பந்து நன்றாக உட்கார்ந்திருக்கிறது, கிரீனுக்கு முன்னால் பங்கரோ தண்ணீரோ இருக்கிறது என்றால் 7 வுட் உயரமாக எழுந்து தாண்டும்.

இடது பக்கம் இழுத்து அடிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு ஹைபிரிட் அதை இன்னும் அதிகமாக்கும். அவர்களுக்கு வுட் நல்லது. 2009 பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் டைகர் வுட்ஸை முந்திக்கொண்டிருந்த ஒய். இ. யாங், கடைசி ஹோலில் 200 யார்டுக்கு மேலிருந்து ஹைபிரிட்டால் அடித்து, குழியைக் காட்டும் கொடிக்குப் பக்கத்தில் பந்தை நிறுத்தினார். ஆகவே கையில் பழகிவிட்டால் இரண்டுமே நல்ல ஆயுதம்தான்.

3 வுட் இல்லாம பை முழுமையாகுமா?

ஆகும். 15 டிகிரி முகத்தால் புல்லிலிருந்து பந்தை எழுப்புவது கஷ்டம். 18 டிகிரி 5 வுட்டை அடித்து இரண்டின் கேரியையும் ஒப்பிடுங்கள். பெரும்பாலும் ஐந்து யார்டுகூட வித்தியாசம் இருக்காது. டீயிலிருந்து டிரைவருக்குப் பதிலாக அடிக்க மட்டும் 3 வுட் வைத்திருந்தால் அது நியாயமான காரணம்.

வெட்ஜ் எத்தனை வேணும்? 60 டிகிரி வாங்கச் சொல்லி நண்பன் உயிரை எடுக்கிறான்.

முதலில் உங்கள் பிட்சிங் வெட்ஜின் லாஃப்ட் என்ன என்று பாருங்கள். பழைய செட்டில் 46 இருக்கும், புதியதில் 43, 44-தான். லாஃப்ட் பற்றிய பதிலில் சொன்ன அதே காரணம். இதோடு 56 டிகிரி சாண்ட் வெட்ஜ் மட்டும் வைத்தால் நடுவே 12 டிகிரி காலி. பிட்சிங் 110 போகிறது, சாண்ட் 78 போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடிக்கு 95 இருக்கிறது, முன்னால் பங்கர். ஒன்றை அழுத்தி அடிக்கணும், இல்லை இன்னொன்றைத் தடவி அடிக்கணும். இரண்டுமே தப்புக்கு வழி. நடுவில் 50 டிகிரி ஒன்று இருந்தால் முழு அடி அடித்துவிட்டு நிம்மதியாக நடக்கலாம். ஒரு சுற்றில் டீ அடியையும் பட்டிங்கையும் விட்டால் இந்தத் தூரங்கள்தான் அடிக்கடி வரும். அதனால் புதிதாக ஒரு கிளப் வாங்கக் காசு இருந்தால் முதலில் இந்த 50-க்குச் செலவழியுங்கள்.

60 டிகிரி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முழு வீச்சில் அடித்து பந்தின் அடியில் ஒரு நூல் தவறினால் பந்து பக்கத்திலேயே விழும், கிரீனைத் தாண்டிப் பறக்கவும் செய்யும். வாரம் இரண்டு தடவையாவது சிப்பிங் (கிரீன் ஓரத்துச் சின்ன அடி) பழக நேரம் இருந்தால் வாங்குங்கள். பங்கருக்கு 56 போதும். ஜீன் சராசன் அடிப்பாகத்தில் உலோகம் சேர்த்து தடிமனாக்கிய சாண்ட் வெட்ஜோடு 1932-ல் பிரிட்டிஷ் ஓபனை ஜெயித்ததிலிருந்து மணலுக்கென்றே உருவான கிளப் அது.

வெட்ஜ்ல 56-10, 56-14ன்னு போட்டிருக்கே, ரெண்டாவது நம்பர் என்ன?

அது பவுன்ஸ். கிளப்பின் அடிப்பாகம் முன்விளிம்பைவிட எத்தனை டிகிரி கீழே இறங்கியிருக்கிறது என்ற கணக்கு. பவுன்ஸ் அதிகமாக இருந்தால் கிளப் மணலிலும் ஈர மண்ணிலும் புதையாமல் வழுக்கி வெளியே வரும். குறைவாக இருந்தால் இறுகிய தரையில் பந்தின் அடிக்குச் சுலபமாகப் போகும்.

நம் ஊரில் இது ரொம்ப முக்கியம். மே மாதத்துச் சென்னையில் தரை இறுகிக் கிடக்கும், அங்கே 14 பவுன்ஸ் தரையில் மோதித் துள்ளி பந்தின் நடுவில் போய் வெட்டும். ஐப்பசி மழையில் அதே இடம் சேறு, அப்போது 6 பவுன்ஸ் உள்ளே புதைந்துவிடும். ஒன்றுதான் வாங்கப் போகிறீர்கள் என்றால் 10 பக்கம் பாருங்கள். இரண்டு வெட்ஜ் இருந்தால் ஒன்றில் கூடுதலும் இன்னொன்றில் குறைவுமாக வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு டிரைவரே சரிப்பட்டு வரலை. பையிலிருந்து எடுத்துடலாமா?

கொஞ்ச நாளைக்கு எடுக்கலாம். ஃபில் மிக்கல்சன் இரண்டு பக்கமும் செய்து பார்த்தவர். 2006 மாஸ்டர்ஸில் இரண்டு டிரைவர் வைத்து ஆடி ஜெயித்தார், 2008 யுஎஸ் ஓபனை டிரைவரே இல்லாமல் ஆரம்பித்தார். மைதானத்துக்கு எது தேவை என்று யோசித்து எடுத்த முடிவுகள் அவை. இரண்டாவது பலிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

நிரந்தரமாக விட்டுவிடாதீர்கள். பல பேருக்கு டிரைவர் சரிப்படாததற்குக் காரணம் 9 டிகிரி லாஃப்டும், கடையில் வாங்கியபடியே இருக்கும் 45.5, 46 அங்குல நீளமும்தான். 12 டிகிரிக்கு மாறி, கிரிப்பை ஒரு அங்குலம் கீழே பிடித்துப் பாருங்கள். லாஃப்டைத் திருகி மாற்றும் வசதி இருந்தால் ஆட்டத்துக்கு முன்பே மாற்றிக்கொள்ளுங்கள். ஆட்டத்தின் நடுவே மாற்ற விதி அனுமதிக்காது.

எனக்கு 66 வயசு ஆகுது தம்பி. முன்ன மாதிரி தூரம் போகலை. புது அயர்ன் செட் வாங்கணுமா?

வாங்காமலே பாதி சரிசெய்யலாம் ஐயா. 5, 6 அயர்னை எடுத்துவிட்டு 7 வுட்டும் ஒரு 5 ஹைபிரிட்டும் வையுங்கள். டிரைவர் லாஃப்டைக் கூட்டுங்கள். எஃகு ஷாஃப்ட் இருந்தால் கிராஃபைட்டுக்கு மாறுவது தோளுக்கும் முழங்கைக்கும் நல்லது, எடையும் குறையும். உங்களுக்கு இனி நீளமான இரண்டாவது அடிதான் அதிகம் வரும். அதனால் பையின் அந்தப் பகுதியில் கிளப்பைக் கூட்டி, நடு அயர்ன்களில் குறையுங்கள்.

பொண்ணுக்கு 10 வயசு. என்னோட பழைய கிளப்பை வெட்டிக் கொடுத்தா போதாதா?

நீளம் குறையும், தலை கனமாகவே இருக்கும், தண்டு இன்னும் விறைத்துப் போகும். குழந்தை தன் உடம்பையே வளைத்துத் தூக்கப் பழகிவிடும், பிற்பாடு அதைத் திருத்துவது பெரும்பாடு. குழந்தைகளுக்கென்றே வரும் ஐந்தாறு கிளப் செட்டை, வயதைப் பார்க்காமல் உயரத்தைப் பார்த்து வாங்குங்கள். வளர்ந்ததும் மைதானத்தில் இன்னொரு குழந்தைக்குக் கைமாற்றிவிடலாம்.

பழைய செட் ஒண்ணு மலிவா வருது. நம்பி வாங்கலாமா?

தாராளமாக. கோல்ஃப் கிளப் சீக்கிரம் தேயாது. வெட்ஜ் முகத்துக் கோடுகள் மட்டும் மழுங்கியிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். கிரிப் வழவழவென்றிருந்தால் மாற்றும் செலவையும் விலையில் கணக்கிடுங்கள். தலையும் தண்டும் சேரும் இடத்தில் ஆட்டம் இருக்கக்கூடாது. பிரபல பிராண்டுகளின் போலிகள் நிறையச் சுற்றுகின்றன. கழுத்துப் பகுதியில் வரிசை எண் இருக்கிறதா என்று பார்த்து, தெரிந்தவர் ஒருவரிடம் காட்டிவிட்டுப் பணம் கொடுங்கள்.

கொடைக்கானல், ஊட்டி போறப்ப பையை மாத்தணுமா?

மாற்றுங்கள். இரண்டு இடமும் கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல். காற்று மெலிந்திருப்பதால் பந்து தூரமாகப் போகும். சென்னையில் 150 போகிற கிளப் அங்கே 160-ஐத் தொடலாம். அதே சமயம் குளிரில் பந்தின் துள்ளல் குறையும், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சுழற்றும்போது வேகமும் குறையும். அதிகாலை ஆட்டத்தில் லாபத்தில் ஒரு பகுதி போய்விடும். முதல் இரண்டு ஹோலில் எவ்வளவு போகிறது என்று பார்த்துவிட்டுக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

மேடும் பள்ளமுமான இடம், பந்து சமதரையில் கிடப்பதே அபூர்வம். ஊட்டியில் முட்புதருக்குள் போன பந்து போனதுதான். அதனால் 3 வுட்டை வீட்டில் வைத்துவிட்டு கூடுதலாக ஒரு ஹைபிரிட் எடுத்துப் போகச் சொல்வேன். இலங்கையில் நுவரெலியா மைதானத்துக்குப் போகிறவர்களுக்கும் இதையே சொல்வேன், அதுவும் மலைமேல்தான்.

கடல்காத்து அடிக்கிற நாள்ல என்ன செய்றது?

சென்னையில் கோடையில் மதியம் வாக்கில் கடல்காற்று திரும்பும். எதிர்க்காற்றில் 60 டிகிரி வெட்ஜ் பந்தைக் காற்றின் கையில் கொடுத்துவிடும். அன்றைக்கு அதை எடுத்துவிட்டு, தாழ்வாக அடிக்கத் தோதான ஒரு நீள அயர்னோ ஹைபிரிட்டோ வைத்துக்கொள்ளலாம். காலை ஆறு மணி ஆட்டமென்றால் இந்தக் கவலையே வேண்டாம்.

பை ரொம்ப கனம்னு அதைத் தூக்கிட்டு வர்ற கேடி அண்ணன் சொல்றார். நிஜமாவே கிளப்பால அவ்வளவு எடை கூடுமா?

கூடும். டிரைவர் 300 கிராம் சொச்சம், எஃகு அயர்ன் 400-க்கு மேல், பட்டர் 500-ஐத் தாண்டும். 14 கிளப் என்றால் ஐந்தரை கிலோவுக்குக் குறையாது. பையின் எடை, பந்து, தண்ணீர், குடை எல்லாம் அதற்கு மேல். அத்தனையையும் நான்கு மணி நேரம் வெயிலில் இன்னொருவர் தோளில் ஏற்றுகிறோம். தொடாத மூன்று கிளப்பையும், பையின் அடியில் கிடக்கும் பழைய பந்துகளையும் எடுத்துப் போடுவது நாம் அவருக்குக் காட்ட வேண்டிய குறைந்தபட்ச மரியாதை. கூடவே, உங்கள் அடிகளை வாரா வாரம் பார்க்கிற அவரிடம் எந்தக் கிளப்பை எடுக்கலாம் என்று கேளுங்கள். சரியாகச் சொல்வார்.

மூணாவது ஹோல்ல பார்க்கிறேன், பையில 15 இருக்கு! இப்ப என்ன பண்றது?

உடனே ஒன்றை ஆட்டத்திலிருந்து விலக்குவதாக எதிராளியிடமோ உங்கள் ஸ்கோரைக் குறிப்பவரிடமோ சொல்லுங்கள். அல்லது எல்லோருக்கும் தெரியும்படி அதைப் பையில் தலைகீழாகத் திருப்பி வையுங்கள். அதன் பிறகு அதைத் தொட்டு அடித்தால் தகுதி நீக்கம். ஸ்ட்ரோக் ஆட்டத்தில் (மொத்த அடிகளை எண்ணுவது) தவறு நடந்த ஒவ்வொரு ஹோலுக்கும் 2 ஸ்ட்ரோக் தண்டனை, ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் 4. உங்கள் விஷயத்தில் 4. மேட்ச் ஆட்டத்தில் (யார் எத்தனை ஹோல் ஜெயித்தார் என்று எண்ணுவது) ஹோல் கணக்கில் குறைப்பார்கள், அதிகபட்சம் 2.

2001 பிரிட்டிஷ் ஓபன் கடைசி நாளில் இயன் வூஸ்னம் முதல் ஹோலில் பந்தைக் கொடிக்கு அருகில் நிறுத்தி இரண்டே அடியில் முடித்தார். இரண்டாவது ஹோலின் தொடக்கத்தில் கேடி எண்ணிப் பார்த்தால் பையில் இரண்டு டிரைவர். 2 என்பது 4 ஆனது. கடைசியில் மூன்றாம் இடத்தைப் பலரோடு பகிர்ந்துகொண்டார். முதல் அடிக்குப் போகும் முன் ஒருமுறை எண்ணிவிடுங்கள். கிளம்புவதற்கு முன்பே தெரிந்துவிட்டால் விலக்கி வைத்துவிட்டு ஆடலாம், தண்டனை இல்லை.

நடுவுல கிளப் உடைஞ்சா வேற எடுத்துக்கலாமா? நண்பரோடதை வாங்கி அடிக்கலாமா?

தானாகவோ ஆட்டத்தின் போக்கிலோ உடைந்தால், 2023 விதிகளின்படி பழுது பார்க்கலாம் அல்லது வேறொன்றை மாற்றிக்கொள்ளலாம். கோபத்தில் தரையில் ஓங்கி அடித்து உடைத்தால் மாற்ற முடியாது. பட்டரை அப்படி உடைத்தால் மீதி ஹோலை வெட்ஜால் தட்டிக்கொண்டு வர வேண்டியதுதான். 14-ல் ஒன்று தொலைந்துபோனாலும் பதிலுக்கு எடுக்க முடியாது.

12-ஓடு கிளம்பியிருந்தால் நடுவில் இரண்டு சேர்க்க அனுமதி உண்டு. ஆனால் அதே மைதானத்தில் ஆடிக்கொண்டிருக்கும் வேறொருவரின் கிளப்பாக அது இருக்கக்கூடாது. ஜோடியாக ஆடும் போட்டியில் மட்டும், இருவரிடமும் சேர்த்து 14-க்கு மேல் இல்லையென்றால் பகிர்ந்துகொள்ளலாம்.

சிப்பர் வச்சுக்கிறது விதிப்படி சரியா? கூட ஆடுறவங்க சிரிக்கிறாங்க.

சிப்பர் என்பது கிரீன் ஓரத்திலிருந்து பந்தைத் தட்டி உருட்டுகிற கிளப். ஒரு பக்கம் மட்டும் முகம் இருந்தால் சரி. இரண்டு பக்கமும் அடிக்கலாம் என்று வருகிறவை செல்லாது. கிரீன் ஓரத்தில் கை நடுங்கி மூன்று ஸ்ட்ரோக் போகிறவருக்கு சிப்பர் நல்ல துணை. ராணுவக் குடியிருப்பு மாதிரியான சில இடங்களில் புல் கிரீனுக்குப் பதில் எண்ணெய் கலந்த மணல் பரப்பான பிரவுன் இருக்கும், அங்கே தாழ்வாக உருட்டுகிறவருக்கே லாபம். 14-ல் ஒரு இடம் அதற்கு உண்டு, சிரிக்கிறவர்களைப் பொருட்படுத்தாதீர்கள்.

எல்லாம் சரி, ஒரு பட்டியலா சொல்லுங்க. டிரைவர் கேரி 190 போகிறவருக்கு எது எது?

டிரைவர் 10.5 முதல் 12 டிகிரி. 5 வுட் 18. 7 வுட் அல்லது 4 ஹைபிரிட், 22-ஐ ஒட்டி. 5 ஹைபிரிட், 25-ஐ ஒட்டி. 6 அயர்னிலிருந்து பிட்சிங் வெட்ஜ் வரை ஐந்து. 50, 56 வெட்ஜ். பட்டர். மொத்தம் 12. இவை நிரந்தரம். மீதி இரண்டு இடத்தை மைதானத்தையும் காற்றையும் பார்த்து நிரப்புங்கள்: ஒரு நாள் 3 வுட், ஒரு நாள் 60 டிகிரி, மலையேறினால் ஹைபிரிட், இல்லையென்றால் காலி.

இந்த 12-லயும் எதை விடுறதுன்னு தெரியலைன்னா?

ஸ்கோர் கார்டின் ஓரத்தில் ஒவ்வொரு அடிக்கும் எடுத்த கிளப்பைப் பென்சிலால் குறித்து வாருங்கள், ஐந்தாறு ஆட்டத்துக்குப் போதும். ஒரு ஆட்டத்தில் டிரைவருக்கு அதிகபட்சம் 14 குறி விழும், பட்டருக்கு முப்பதைத் தாண்டும். ஒரு குறிகூட விழாத கிளப் எதுவோ அதை எடுத்துவிட்டு அடுத்த ஆட்டம் ஆடிப் பாருங்கள். சாண்ட் வெட்ஜுக்கு மட்டும் இந்தக் கணக்கு வேண்டாம். பங்கரில் விழாத வாரங்களும் வரும், அதற்காக அதை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள்.